மிளகு வந்த வழியில் ஒரு நாள்

"யூலை மாதத்திலா எகிப்துக்குப் போகிறீர்கள்?" என்று எம்மைக் கேட்காத நண்பர் இல்லை. கேட்டது நியாயமே. ஆனால் சுவிற்சர்லாந்தில் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை கோடையில்தான் கிடைக்கின்றது. வெயிலுக்கு அஞ்சி ஏனையோர் ஒதுங்கிக்கொள்ளும் அந்த வாரங்களிலேதான் விமானச் சீட்டும் விடுதி வாடகையும் எம் போன்றோரின் கைக்கெட்டும் விலைக்கு இறங்குகின்றன. ஆகவே கணவன், மனைவி, பதினான்கு வயது மகள், ஒன்பது வயது மகன், அவர்களுடைய அம்மம்மா என நாம் ஐவரும் நைல் நதிக்கரையிலுள்ள லக்சர் நகருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே தங்கிய ஏழு நாட்களில் ஆறு நாட்களைப் பற்றி இங்கு எழுதப்போவதில்லை. கர்ணாக் கோயிலைப் பற்றியும் அரசர் பள்ளத்தாக்கைப் பற்றியும் எழுதப் பலர் உளர். லக்சருக்கு வடக்கே கிப்த் என்னும் ஊரிலிருந்து கிழக்கே திரும்பி, ஏறத்தாழ 180 கிலோமீற்றர் பாலைவனத்தைக் கடந்து, செங்கடற் கரையிலுள்ள குசைர் பட்டினத்துக்குச் சென்று திரும்பிய அந்த ஒரு நாளைப் பற்றியே எழுதுகிறோம். சுற்றுலாக்காரர் பெரும்பாலும் நாடாத வழி அது. எமக்கோ அங்கு போவதற்கு ஒரு காரணம் இருந்தது. குசைருக்கு வடக்கே சில கிலோமீற்றர் தொலைவில் மண்மேடாகக் கிடக்கும் பழைய துறைமுகத்தில், தமிழ் எழுத்துப் பொறித்த மட்பாண்டத் துண்டுகள் கிடைத்துள்ளன. அந்த மண்ணை ஒருமுறை மிதித்துவிட வேண்டும் என்பது எமது நெடுநாள் ஆசை.

வான் சாரதி ஐம்பது வயதைக் கடந்தவர். காலை மூன்றரை மணிக்குப் புறப்பட்டாக வேண்டும், பத்து மணிக்கு முன்னர் கடலைக் கண்டுவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இப்பாலைவனத்தைக் கடந்த வணிகர்கள், கடலோடிகளைப் போல விண்மீன்களைப் பார்த்து வழியறிந்து, குடிநீரையும் கூடவே சுமந்துகொண்டு, இரவிலேயே ஒட்டகங்களில் சென்றனர் என்று ஸ்திராபோ என்னும் கிரேக்கப் புவியியலாளர் எழுதி வைத்துள்ளார். துறைமுகத்தை அடைய அவர்களுக்கு ஆறு அல்லது ஏழு நாட்கள் பிடித்தன. எமக்கு மூன்று மணி நேரம் போதும் என்றார் சாரதி.

போதவில்லை. வழியில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது.

எம்மில் நால்வரிடம் சுவிஸ் கடவுச்சீட்டு உண்டு. அம்மம்மாவிடம் இருப்பது அகதிகளுக்கான பயணப் பத்திரம். 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கப்படும் அந்த நீல நிறப் புத்தகத்தை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பிறந்த நாட்டைத் தவிர ஏனைய நாடுகளுக்குச் செல்லலாம் என்று சொல்லும் புத்தகம் அது. விசா முறையாகப் பெறப்பட்டிருந்தது. இருப்பினும் சாவடியிலிருந்த இளைஞர் அப்படியொரு பத்திரத்தை முன்னர் கண்டதில்லைப் போலும். பிறந்த இடம் இலங்கை, வழங்கியது சுவிஸ், ஆனால் கடவுச்சீட்டு அன்று. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரியாதையாகவே பேசினார். யாரிடமோ தொலைபேசியில் கேட்டார். கேட்கப்பட்டவர் வேறொருவரிடம் கேட்க வேண்டியிருந்தது. இயந்திரத்தை நிறுத்தி வைக்கும்படி சொன்னதால் குளிரூட்டியும் நின்றுபோயிற்று. ஐந்தே காலுக்கு நின்ற வான் ஏழரைக்கே நகர்ந்தது. அந்த நேரமெல்லாம் அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. "என்னாலைதானே எல்லாருக்கும் கரைச்சல்" என்று ஒருமுறை மட்டும் சொன்னார்.

அவருக்கு ஆறுதலாக நாம் ஒரு கதை சொன்னோம். கதையன்று, உண்மை. நாம் கடந்துவந்த கிப்த் ஊருக்கு அக்காலத்தில் கொப்தோஸ் என்று பெயர். கி.பி. 90ஆம் ஆண்டில் அங்கே நாட்டப்பட்ட கல்வெட்டொன்று, இப்பாலை வழியில் செல்வோரிடம் அறவிட வேண்டிய கட்டணங்களை வரிசையாகக் கூறுகின்றது. மாலுமிக்கு 5 திராக்மா. கைவினைஞருக்கு 8. கப்பலின் பாய்மரத்துக்கு 20. ஒட்டகத்துக்கான அனுமதிச் சீட்டுக்கு 1 ஒபொல். கரை வந்திறங்கும் பெண்களுக்கோ 20 திராக்மா. ஒரு மாலுமியைப் போல நான்கு மடங்கு! "அந்தக் காலத்திலையும் பொம்பிளையளுக்குத்தான் கூடவோ?" என்று கேட்டுவிட்டு அம்மம்மா சிரித்தார். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த வெயிலை ஊர் வெயிலோடு ஒப்பிட முடியாது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே வியர்வையே தெரியாது. தோலில் தோன்றிய கணத்திலேயே அது ஆவியாகிவிடும். வியர்க்கவில்லையே என்று மனிதன் ஏமாந்து போகிறான், உடலோ நீரையும் உப்பையும் இழந்துகொண்டே இருக்கிறது. வானின் வெப்பமானி ஒன்பதரை மணிக்கு 43 பாகையைக் காட்டியது. இருமருங்கும் கருமையும் செம்மையும் கலந்த மொட்டை மலைகள். அவற்றின் உச்சிகளில் உரோமர் கட்டிய சிறு காவற்கோபுரங்கள் இடையிடையே தெரிந்தன. ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சைகை காட்டக்கூடிய தூரத்தில், இவ்வழி நெடுகிலும் அறுபதுக்கு மேற்பட்ட கோபுரங்கள் உள்ளன. அடிவாரங்களில் கிணற்றோடு கூடிய சிறு கோட்டைகள் உண்டு. அக்கோட்டைகளின் குப்பை மேடுகளை 1990களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தோண்டியபோது, போர்வீரர்கள் பானை ஓடுகளில் எழுதிய கடிதங்கள் பெருந்தொகையாகக் கிடைத்தன. பேரரசின் இரகசியங்கள் எவையும் அவற்றில் பெரிதாக இல்லை. மரக்கறி அனுப்பினாயா, ரொட்டி வந்ததா, இன்னாரைச் சுகம் கேட்டதாகச் சொல் என்பன போன்ற செய்திகளே மிகுதி. பாலைவனத்தில் அகப்பட்ட மனிதன் வேறு எதைத்தான் எழுதுவான்?

பாதி வழியில் வாதி ஹம்மாமாத் என்னும் பள்ளத்தாக்கு இருக்கின்றது. கரும்பச்சை நிறக் கல்லுக்காக எகிப்திய அரசர்கள் ஆளனுப்பிய இடம். பாறைச் சுவர்களில் நூற்றுக்கணக்கான எழுத்துகளும் உருவங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஏழு மணிக்கு நிழலில் நின்று பார்க்க வேண்டியவற்றை நாம் பத்து மணிக்கு வெயிலில் நின்று பார்த்தோம். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஹெனு என்னும் அதிகாரி மூவாயிரம் பேரை இவ்வழியாகச் செங்கடலுக்கு அழைத்துச் சென்றதை இங்கே பதிந்து வைத்திருக்கிறார். ஆளுக்கு ஒரு தோற்பை, நாளொன்றுக்கு இரண்டு சாடி தண்ணீர், இருபது ரொட்டி. செருப்புத் தேய்ந்தவர்களுக்கு மாற்றுச் செருப்புச் சுமந்து வரக் கழுதைகள். கிணறுகளையும் தோண்டுவித்தார். மனிதர்களை நடத்திச் செல்லத் தெரிந்தவர் என்று எமக்குத் தோன்றியது. அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னர் நாலாம் இராம்சேஸ் அனுப்பிய பெருங்கூட்டத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களைத் தொகை தொகையாகக் கணக்கிட்டுக் கூறும் கல்வெட்டு, இறந்துபோன 900 பேரையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்கிறது. மற்றத் தொகைகளோடு ஒரு தொகை, அவ்வளவே.

அந்த வரியைப் பற்றி மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மகன் கூவினான்: "அம்மா, அம்மம்மா இருந்திட்டா!"

பாறையோரம் குந்தியிருந்தார். முகம் வெளிறியிருந்தது. தலை சுற்றுகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்றார். கையைத் தொட்டால் குளிர்ந்து பிசுபிசுத்தது. தண்ணீர் கொடுத்தோம், வாந்தி எடுத்தார். சாவடியில் கழிந்த இரண்டேகால் மணி நேரமும் அவர் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஏனென்று கேட்டோம். "குடிச்சால் வெளியாலை போகவேணும். அந்த ஆம்பிளையளுக்கு முன்னாலை எங்கை போறது?" என்றார். நாம் தலை குனிந்தோம். ஹெனுவுக்கு இருந்த முன்யோசனை எமக்கு இருக்கவில்லை.

வெப்ப நாடுகளுக்குச் செல்லும் வாசகர்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. தலைச்சுற்று, குமட்டல், தலையிடி, குளிர்ந்த ஈரத் தோல் ஆகியன வெப்பத்தால் உடல் களைத்துவிட்டதன் அடையாளங்கள். உடனே நிழலில் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி, ஆடைகளைத் தளர்த்தி, உடலை நனைத்து விசிற வேண்டும். உப்பும் சீனியும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுக்க வேண்டும். பேச்சுத் தடுமாறினாலோ, நினைவு குழம்பினாலோ, தோல் நெருப்பாகக் கொதித்தாலோ அது வேறு நிலை. அது உயிராபத்து. அப்போது வைத்தியசாலையைத் தவிர வேறு வழியில்லை, கொண்டு செல்லும் வழியிலும் உடலைக் குளிர்வித்தபடியே இருக்க வேண்டும். முதியவர்களுக்குத் தாகம் குறைவாகவே தோன்றும். ஆகையால் கேட்டுக் கொடுக்காமல், நேரம் பார்த்துக் கொடுங்கள்.

அம்மம்மா தெளிவாகவே பேசினார். அதுவொன்றே எமக்குத் தைரியம். சாரதியும் நாமும் அவரைத் தூக்கி வானில் படுக்க வைத்தோம். சில கிலோமீற்றருக்கு அப்பால், பீர் உம் ஃபவாக்கிர் என்னும் இடத்தில், சிறிய தேநீர்க் கடையொன்றைச் சாரதி அறிந்திருந்தார். ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுகளில் பொன் தோண்டியவர்களின் இருநூறுக்கும் மேற்பட்ட கல்வீடுகள் கூரையிழந்து அங்கே நிற்கின்றன. அவற்றை நாம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடையின் நிழலில் ஒரு பெரிய மண்சாடி இருந்தது. எகிப்தியர் அதனை ஸீர் என்பர். மெருகிடாத மண்ணினூடாக நீர் கசிந்து ஆவியாகுவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்தே இருக்கும். வழிப்போக்கர் எவரும் அள்ளிக் குடிக்கலாம், காசு வாங்குவதில்லை. எமது ஊரின் தண்ணீர்ப்பந்தலேதான். கடைக்கார முதியவர் ஒரு பருத்திச் சால்வையை அந்நீரில் தோய்த்து எம்மிடம் நீட்டினார். கைப்பையில் இருந்த தேசிக்காயும் உப்பும் கடைச் சீனியும் சேர்ந்து ஒரு சாடி பானமாயின. கரண்டி கரண்டியாக மகள்தான் பருக்கினாள். மூன்று மணித்தியாலங்களுக்கு முன்னர் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல் இருந்த பிள்ளை அவள்.

இனித் திரும்புவதா, முன்னே போவதா? திரும்பினால் லக்சரில் 45 பாகை, வழியில் மீண்டும் அதே சாவடி. முன்னே போனால் கடற்காற்று, ஒரு பட்டினம், ஒரு வைத்தியர். பாலைவனத்தின் நடுவில் நின்று கணக்குப் போட்டபோது மற்ற ஆசைகள் எல்லாம் அற்பமாகத் தோன்றின. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் தமிழ் எழுத்து எமது நினைவிலேயே இல்லை. சாரதி கிழக்கே கை காட்டினார்.

குசைரில் ஒரு வைத்தியர் இரத்த அழுத்தம் பார்த்து, சேலைன் ஏற்றி, இரண்டு மணி நேரம் படுக்க வைத்தார். கேட்ட பணம் மிகச் சொற்பம். பிற்பகல் நான்கு மணிக்கு அம்மம்மா எழுந்து தேநீர் கேட்டார். கடலிலிருந்து நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது.

ஐந்தரைக்குப் பழைய குசைருக்குப் போனோம். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தூண் இல்லை, கோயில் இல்லை. நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் இடையில் மணல் மூடிய மேடுகள், தோண்டிய குழிகளின் தடங்கள், எங்கும் சிதறிய ஓடுகள். "இதுக்குத்தானா அம்மம்மாவைக் கொல்லப் பார்த்தீங்கள்?" என்று மகள் கேட்டாள். பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது.

பிறகு சொன்னோம். இந்த மண்மேடுதான் மியோஸ் ஹொர்மோஸ். இங்கிருந்து ஆண்டுதோறும் 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் சென்றதாக ஸ்திராபோ கேட்டறிந்து எழுதினார். 1978க்கும் 1982க்கும் இடையில் சிக்காகோ பல்கலைக்கழகத்தினரும், 1999 முதல் 2003 வரை சௌதாம்ரன் பல்கலைக்கழகத்தினரும் இங்கே அகழ்ந்தனர். பழைய சாடிகளை அடுக்கி நிரப்பிக் கடலோரத்தில் எழுப்பிய துறைமேடு வெளிப்பட்டது. இந்தியப் பருத்தியில் நெய்த பாய்த் துணியின் துண்டுகள் கிடைத்தன. சிக்காகோ ஆய்வாளர் எடுத்த ஓடுகளில் 'கண்ணன்', 'சாதன்' என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் இருந்தன. தெற்கே பெரனிகே என்னும் மற்றத் துறையில், இந்தியச் சாடியொன்றினுள் ஏழரைக் கிலோவுக்கு மேற்பட்ட மிளகு அப்படியே இருந்தது. தேங்காயும் அரிசியும் பயறும்கூட அங்கே கிடைத்தன.

"ஏன் அவங்களும் யூலையிலை வந்தவங்கள்?" என்று கேட்டான் மகன். நல்ல கேள்வி. வெயிலை அவர்கள் தெரிவு செய்யவில்லை, காற்றே தெரிவு செய்தது. தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடிக்க வேண்டுமாயின் கப்பல்கள் யூலை மாதத்தில் இத்துறைகளிலிருந்து பாய் விரிக்க வேண்டும். ஆகவே அதற்கு முன்னதாக இந்தக் கொடும் வெயிலிலேயே பாலையைக் கடந்தாக வேண்டும். குளிர்காலத்தில் எதிர்க்காற்று மாறியதும் மிளகோடு திரும்பலாம். அம்மம்மா இடையிட்டார்: "சோளகத்திலை போய் வாடையிலை வாறது. எங்கட அப்புவின்ரை வத்தைக்கும் அதுதான் கணக்கு." கரையோரக் கிராமத்தில் பிறந்தவருக்கு அதனை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னுமொன்று இருந்தது. சௌதாம்ரன் அகழ்வில் கிடைத்த சாடித் துண்டு ஒன்றில் ஒரே சொற்றொடர் இரண்டு இடங்களில் கீறப்பட்டிருந்தது. அது இந்தியாவில் வனைந்த சாடி என்று பிரித்தானிய அருங்காட்சியகத்தின் மட்பாண்ட அறிஞர் ரொபேட்டா ரோம்பர் இனங்கண்டார். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் எழுத்தை வாசித்தார். 'பானை ஒறி' என்பது அவருடைய வாசிப்பு. கி.மு. முதலாம் நூற்றாண்டளவினது என்றும், கயிற்று வலையில் தொங்கவிடும் பானையை அது குறிக்கும் என்றும் 2007இல் அவர் அறிவித்தார். ஒறி என்பது எமது உறியேதான்.

"உறி எண்டால் என்ன?" மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் தெரியவில்லை. சூரிச் நகரின் அடுக்குமாடி வீட்டில் உறி எங்கே இருக்கின்றது? தயிரும் பாலும் குளிர்சாதனப் பெட்டியில் அல்லவா இருக்கின்றன? நாம் அகராதியில் உள்ளவாறு விளக்கத் தொடங்கினோம். பிள்ளைகளின் கண்களில் ஒன்றும் ஏறவில்லை.

அம்மம்மா வான் கதவோரம் அமர்ந்திருந்தார். சாரதியிடம் கையைக் காட்டிக் கயிறு கேட்டார். கூரையில் சாமான் கட்டும் நைலோன் கயிற்றில் ஒரு துண்டு கிடைத்தது. அதனை நான்காக மடித்தார், அடியில் ஒரு வளையம் முடிந்தார், தண்ணீர்ப் போத்தலை அதில் இருத்தி மேலே நான்கு புரிகளையும் சேர்த்து முடிச்சிட்டார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. வான் கதவின் மேற்கொழுக்கியில் அது தொங்கி ஆடியது. "இதுதான் உறி. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாது. எங்கட குசினியிலை மூண்டு தொங்கினது" என்றார். சாரதி உரக்கச் சிரித்து, தமது தாயாரும் இப்படித்தான் கட்டித் தொங்கவிடுவார் என்று கையசைவால் சொன்னார்.

மகன் ஓர் ஓட்டுத் துண்டைக் குனிந்து எடுத்தான். காவலாளி விரைந்து வந்து, மென்மையாக, ஆனால் உறுதியாக, கீழே வைக்கச் சொன்னார். அந்த நாட்டுச் சட்டம் அது. சரியான சட்டமே. வருவோரெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்திருந்தால் எழுத்துள்ள ஓடு எந்த வீட்டு அலமாரியில் கிடந்திருக்குமோ? எடுத்த இடத்திலேயே அவன் வைத்தான். அதில் எழுத்து எதுவும் இருக்கவில்லை. நாம் பார்த்துவிட்டோம்.

இருட்டிய பின்னரே திரும்பினோம். நடுவழியில் சாரதி வானை நிறுத்தி விளக்குகளை அணைத்தார். அத்தனை விண்மீன்களைப் பிள்ளைகள் கண்டதில்லை. நாமும் கண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. மின்சாரமில்லாத வன்னி இரவுகளில் கண்டவை அவை. வெப்பமானி அப்போதும் 34 பாகையைக் காட்டிற்று.

சாவடியில் வேறொருவர் கடமையில் இருந்தார். நீலப் புத்தகத்தை விரித்துப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த போத்தலையும் பார்த்தார். இம்முறை பத்து நிமிடங்களுக்குள் விட்டுவிட்டார். அந்தப் பத்து நிமிடங்களுக்குள் அம்மம்மாவை அரைப் போத்தல் தண்ணீர் குடிக்க வைத்திருந்தாள் மகள். குடித்து முடித்ததும், கழிப்பறை எங்கே என்று அவளே இறங்கிச் சென்று அந்தக் காவலரிடம் கேட்டாள்.